திரும்பி வந்த காய்ச்சல்

1

என் தம்பி தண்டபாணியின் வருஷத் திதிக்கு நாள் குறித்துச் சொல்ல மலர் கூப்பிட்ட அன்று காலையில்தான் என் கணவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. மலர் தம்பியின் மனைவி. திருப்பூர் மண்ணரையில் அவன் நடத்திவந்த தையல் யூனிட்டை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் நெதர்லாந்தின் தெற்குப் பக்கம் ஒரு நகரத்தில், வெயில் எட்டிப் பார்க்காத மார்கழிக் காலையில், ஒரு கையில் போனும் மறு கையில் தெர்மாமீட்டருமாகச் சமையலறையில் நின்றிருந்தேன்.

"திதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குதுங்க அண்ணி. நீங்க வர முடியாதுன்னு தெரியும். இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்க" என்றாள் மலர். பிறகு, "யாரோ இருமற சத்தம் கேக்குது, அண்ணனுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா மலரு. காச்சல். இங்க எல்லாத்துக்கும் வருது. ப்ளூன்னு சொல்றாங்க."

அவளுக்குப் பின்னால் ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"பாத்துக்குங்க அண்ணி. வெறும் காச்சல்னு உட்றாதீங்க."

காய்ச்சலில் புருஷனை இழந்தவள் அவள். சரி என்றேன்.

என் கணவர் செல்வராஜ் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசராக இருந்தவர். இங்கே துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்து வந்தோம். நான் கடைவீதியில் ஒரு தையல் கடையில் பகுதிநேரமாகப் பேண்ட் உயரம் குறைத்துக் கொடுக்கிறேன். எங்கள் மகள் இனியா பதினோராம் வகுப்புக்குச் சமமான ஏதோ ஒன்றில் படிக்கிறாள். இங்குள்ள படிப்பு முறையை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க முயன்று தோற்றதால் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

வந்த புதிதில் செல்வராஜுக்கு ஒரு முறை சளியும் காய்ச்சலுமாக இருந்தது. வழக்கம்போல ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். மதியத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். அவருடைய மேலாளர், "நீ இங்கே உட்கார்ந்து இருமினால் நாளைக்கு இந்த மேசையில் இருக்கிற எல்லோரும் படுத்துவிடுவார்கள், வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "வேலைக்குப் போனவனைத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவனுக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் உண்டு. இங்கே அவன் கூட வேலை செய்கிறவர்கள்மேல் அக்கறை இல்லாதவன். இந்த வித்தியாசம் எங்களுக்குப் புரிந்து மனதில் இறங்கச் சில குளிர்காலங்கள் ஆயின.

2

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவன்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். ஒரு பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவியாளாகக் கைமடிக்கிற வேலையில் தொடங்கி, டெய்லர் ஆகி, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்தவன். கீழே யூனிட், மாடியில் வீடு.

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் யூனிட்டில் காய்ச்சல் பரவியது. முதலில் அயனிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் இருமிக்கொண்டே அயன் போட்டார். பிறகு ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் தங்கியிருந்த அறையில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள், ஒரே குடத்துத் தண்ணீரை ஒரே டம்ளரில் குடிக்கிறவர்கள் வேறு எப்படித் தப்புவார்கள்? படுத்தவர்களும் மறுநாள் மெடிக்கலில் ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு வந்துவிட்டார்கள். என்ன மாத்திரை என்று கொடுத்தவருக்குத் தெரியும், தின்றவருக்குத் தெரியாது. சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "காச்சல் வந்தவீங்களை ஊட்டுக்கு அனுப்பிச்சுடு கண்ணு. ஜன்னலையாவது தொறந்து வைய்யி" என்றேன்.

"அதெல்லாம் உங்கூருக்குங்க்கா" என்று சிரித்தான். "இங்க ஜன்னலைத் தொறந்தா பஞ்சும் தூசியும்தான் வரும். யாருக்குத்தான் காச்சல் இல்லீங்க? எனக்கும்தான் இருக்குது. சாயந்தரம் ஒரு ஊசி போட்டுட்டு வந்துட்டன்னா சரியாப் போயிரும்."

ஊசி போட்டுக்கொண்டான். காய்ச்சல் இறங்கியது. நன்றாகிவிட்டது என்று கீழே போய் மெஷின்களுக்கு நடுவில் நின்றான். அதற்கடுத்த நாட்களில் மறுபடி குளிரும் நடுக்கமுமாக வந்தது. முன்பு வந்ததைவிடக் கடுமையாக. அதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. வீடியோவில் பேசியபோதுதான் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசினான்.

"மூச்சு வாங்குதா கண்ணு?"

"இல்லீங்க்கா... இப்பத்தான்... மாடி ஏறி வந்தேன்."

"டாக்டர்கிட்டப் போ. இப்பவே கெளம்பு."

"ஷிப்மென்ட் ஏத்தீட்டு... போறேனுங்க்கா."

அன்று முழுக்க அவன் மாடியை விட்டு இறங்கவே இல்லை என்று மலர் பிறகு சொன்னாள். எத்தனை சொல்லியும் கிளம்பவில்லையாம். மறுநாள் காலையில், அதற்கு முந்தின வருஷமே அனுப்பி முடித்த ஒரு சரக்கைச் செக்கிங் முடித்தாயிற்றா என்று அவளிடம் கேட்டிருக்கிறான். அவன் நினைவு தவறுவதைப் பார்த்துப் பயந்து ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ப்ளூ காய்ச்சலுக்குப் பின்னால் நுரையீரலில் கிருமி சேர்ந்துவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்களாம். தம்பி திரும்பி வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வருஷம்தான் நாங்கள் இந்நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தோம். இந்தியாவுக்குப் போய்வருவதற்கான அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அவசர விசாவுக்குத் தூதரக வாசலில் நின்றபோது, இறந்தவருக்கும் எனக்கும் என்ன உறவு என்பதற்குச் சான்று கேட்டார்கள். உடன்பிறந்தவன் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது? எங்கள் இருவருடைய பள்ளிச் சான்றிதழ்களில் இருந்த அப்பாவின் பெயரைக் காட்டினேன். அதில் ஒன்றில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. அந்த எழுத்தை அவர்கள் சரிபார்த்து முடிப்பதற்குள் மண்ணரையில் தம்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இனியாவுக்குப் பரீட்சை இருந்ததால் அவள் வரவில்லை. அதற்குப் பிறகு, மலரிடமிருந்து போன் வந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள். "அத்தைகிட்ட ரெண்டு வார்த்தை பேசு கண்ணு" என்பேன். "அப்புறம் பேசறேன்" என்பாள். தமிழ் பேசச் சங்கடப்படுகிறாள், உறவு விட்டுப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வளரும் பிள்ளைகளைப் பற்றி எல்லாத் தாய்மாரும் நினைப்பதுதான்.

3

செல்வராஜின் காய்ச்சலுக்கு வருகிறேன். எங்கள் மருத்துவரின் உதவியாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்நாட்டில் எதற்கும் முதல் மருந்து பாரசிட்டமால்தான் என்பது எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பழைய கேலி. அன்றும் அதுவேதான். நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், ஓய்வெடுக்கட்டும், மோசமானால் கூப்பிடுங்கள். சர்க்கரை உண்டு என்றேன். அப்படியானால் இன்னும் கவனமாக இருங்கள், மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ விட்டுத் திரும்ப வந்தாலோ காத்திருக்காதீர்கள் என்றார்.

"ஒரு ஊசி போட்டா இந்நேரம் எந்திரிச்சிருப்பேன்" என்றார் செல்வராஜ்.

"தண்டபாணியும் போட்டுக்கிட்டானுங்க" என்றேன். அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஐப்பசி வாக்கில் ப்ளூ தடுப்பூசிக்கு அழைப்பு வரும். வந்தது. அவர் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டுப் போகவே இல்லை. இப்போது அதைப் பேசிப் பயனில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

மாடி அறையை அவருக்கு ஒதுக்கினோம். குளிராக இருந்தாலும் அவ்வப்போது ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றினேன். அவர் குடித்த டம்ளரைத் தனியே வைத்து வெந்நீரில் கழுவினேன். மூக்குச் சிந்திய காகிதத்துக்கு மூடி போட்ட ஒரு வாளி. உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவியதில் என் விரல்கள் வெடித்துவிட்டன. முகக்கவசம் இல்லாமல் நான் உள்ளே போகவில்லை, இனியாவை உள்ளே விடவும் இல்லை. அவள் வாசலுக்கு வெளியே கஞ்சியையும் ரசத்தையும் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவாள். ஒரு நாள் கதவுக்கு இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து, கால்பந்து ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அப்பாவுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அரிசிம்பருப்புச் சோறு வேண்டும் என்று கேட்டார். நெய் ஊற்றிச் சாப்பிட்டார். மடிக்கணினியைத் திறந்து ஆபீஸ் வேலைகூடக் கொஞ்சம் பார்த்தார். நான் தையல் கடைக்குப் போய்வந்தேன். வீட்டில் எல்லோர் பேச்சும் இயல்பானது.

சனிக்கிழமை காலையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

4

வார இறுதியில் எங்கள் மருத்துவர் இருக்கமாட்டார். பொதுவான ஓர் எண் உண்டு. அதில் ஒருவர் கேள்விகள் கேட்டு, மருத்துவரைப் பார்க்க வரலாமா, வீட்டிலேயே இருக்கலாமா என்று முடிவு செய்வார். நீண்ட நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினார். பொறுமையான குரல். நான் என் டச்சு மொழியில் சொல்லத் தொடங்கினேன். கடையில் பேண்ட், ஜிப், வெள்ளிக்கிழமை, நன்றி என்று பேசப் போதுமான டச்சு அது.

காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் குடிக்கிறாரா? குடிக்கிறார். அவரிடம் பேச முடியுமா? கண்ணயர்ந்திருக்கிறார். பிறகு, "அவர் பெனாவ்ட் ஆக இருக்கிறாரா?" என்று கேட்டார்.

பெனாவ்ட் என்ற சொல்லை நான் கடையில் கேட்டிருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண், கார் ஓட்டும் தேர்வுக்குப் போகுமுன் நெஞ்சில் கைவைத்து அந்தச் சொல்லைச் சொன்னாள். பயம், பதற்றம் என்று மனதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இல்லை, இல்லை" என்றேன். "அவர் கொஞ்சமும் அப்படி இல்லை. தைரியமானவர். எனக்குத்தான் கொஞ்சம்."

"உங்களுக்கா? உங்களுக்கும் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லை. சும்மா, மனசுக்கு."

அந்தப் பெண் சற்றுத் தயங்கினார். பிறகு, அவருக்கு அது இல்லையென்றால் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கலாம், திங்கட்கிழமை உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள், மோசமானால் மறுபடி எங்களை அழையுங்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றி சொல்லத் தொடங்கினேன்.

"அம்மா, போனை வெக்காதீங்க."

இனியா மாடிப்படியில் நின்றிருந்தாள். முகக்கவசம் போட்டிருந்தாள். நான் போகக்கூடாது என்று சொல்லியிருந்த அறையிலிருந்து வந்திருக்கிறாள். இறங்கி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பெனாவ்ட்னா பயம் இல்லம்மா. மூச்சு. அப்பாவுக்கு மூச்சு முட்டுதான்னு கேக்கறாங்க. இப்ப அப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். முழுசாப் பதில் சொல்ல முடியல அவரால. நிறுத்தி நிறுத்திப் பேசறாரு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மாமா மாதிரி" என்றாள்.

அடுத்து அவள் டச்சில் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. குரல் மட்டும் புரிந்தது. அழவில்லை, தடுமாறவில்லை. அப்பாவின் வயது, சர்க்கரை, காய்ச்சல் விட்டுத் திரும்பி வந்தது, உதட்டின் நிறம் எல்லாம் வரிசையாகச் சொன்னாள். போனைக் காதில் வைத்தபடியே மேலே ஓடி, மூச்சு எத்தனை முறை விடுகிறார் என்று எண்ணினாள். என்னிடம் அவள் ஐந்து வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி எத்தனை நாளாயிற்று என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் செல்வராஜின் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

5

தம்பிக்கு வந்த அதேதான். ப்ளூ விட்டுப்போன இடத்தில் நிமோனியா. அன்று பகலிலேயே மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். "காத்திருக்கவில்லையே" என்று மட்டும் சொன்னார்.

நடைபாதையில் இரண்டு நாற்காலிகளில் நானும் இனியாவும் உட்கார்ந்திருந்தோம். இயந்திரத்திலிருந்து எடுத்த காபி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். தமிழில்தான், நடுநடுவே சொல் கிடைக்காமல் நின்று, டச்சில் சொல்லிவிட்டு மறுபடி தமிழுக்கு வந்து.

"மாமா கடைசியா வீடியோல பேசினாரில்ல, அப்ப நான் சோபாவுல இருந்தேன். அவரு பேசறது சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. மாடி ஏறி வந்தா கொஞ்ச நேரத்துல சரியாகணும். ஆகல. அவரு பேசின கடைசி வரைக்கும் சரியாகவே இல்ல. சொல்லணும்னு நெனச்சேன். மாமாகிட்டத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க கேட்டீங்க, அவரு பதில் சொல்லிட்டாரு. பெரியவங்க பேசிட்டாங்க, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நான் சொல்லியே அவன் கேக்கல கண்ணு. நீ சொல்லியா கேட்டிருப்பான்?"

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "அது எனக்குத் தெரியாதில்ல. நான் சொல்லவே இல்லையே."

அதற்குப் பிறகு காய்ச்சலைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, பேச்சு குழம்புவது, சிறுநீர் குறைவது, விட்ட காய்ச்சல் திரும்பி வருவது. மலரின் போன் வரும்போதெல்லாம் எழுந்து போனதற்குக் காரணமும் இதுதான். அத்தையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. பதினாறு வயதுப் பெண், எங்களோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, ஒரு வருஷமாக இதைத் தனியே சுமந்திருக்கிறாள். எனக்கு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் தெரிந்தது.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ப்ளூ பெரும்பாலோருக்கு வீட்டில் படுத்திருந்தாலே சரியாகிவிடும். ஊசியும் வேண்டாம், பெயர் தெரியாத செட்டு மாத்திரையும் வேண்டாம். கஞ்சி, தண்ணீர், தூக்கம், தனி அறை, இல்லாவிட்டால் தனி மூலை. கூட இருப்பவர்களுக்காகக் கைகழுவுவதும் வாயை மூடி இருமுவதும். ஆனால் வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் விஷயத்தில் தொடக்கத்திலேயே டாக்டரிடம் கேளுங்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று காய்ச்சல் காலத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். இனியா அடுக்கிச் சொன்னவற்றில் எதைப் பார்த்தாலும், படுத்திருப்பவர் என்ன சமாதானம் சொன்னாலும், கேட்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

6

திதி நாளன்று செல்வராஜ் ஆஸ்பத்திரியில் இருந்தார். மண்ணரையில் மலர் படையல் வைத்து, யூனிட்டில் வேலை செய்கிற எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போட்டாள். நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, தம்பியைச் சிறு வயதில் எப்படியெல்லாம் அழைத்தேன் என்பதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு காலை நேரம் மலர் கூப்பிட்டாள். அங்கே மதியச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. செல்வராஜ் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். அவரோடு பேசி முடித்து மலர் போனை வைக்கப்போகும் நேரத்தில் இனியா கைநீட்டினாள்.

"அத்தை, நான் இனியா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவில் நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மலர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் கூடவே இருந்தனே கண்ணு" என்றாள் பிறகு. "பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? கேட்டன், அழுதன், கையப் புடிச்சு இழுத்தன். நாளைக்குப் போலாம் போலாம்னே சொன்னாரு. கூட இருந்தவளாலயே முடியலியே, எட்டி இருந்த நீ என்ன சாமி பண்ணியிருப்பே? உன்ற மாமனைப் பாத்து வெச்சிருந்ததாலதான் உன்ற அப்பனைப் புடிச்சு நிறுத்தினே. எனக்கு அது போதும்."

இனியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. செல்வராஜ் எழுந்து வர முயன்றார். நான் வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"அழுது முடிச்சுக்கோ. நான் லைன்லயே இருக்கறேன்" என்றாள் மலர்.

அப்போது அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். மலர் போனைக் கையில் வைத்தபடியே திரும்பி, அரைகுறை இந்தியில் ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் தணிந்த குரலில் மறுத்தாள். மலர் விடவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னதையே மறுபடி சொன்னாள். மெஷின் ஒன்று நிற்கும் சத்தமும், நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன.

"என்னம்மா சொல்றாங்க அத்தை?" என்று இனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்குக் காச்சலாம். ரூமுக்குப் போய்ப் படு, சம்பளத்தைக் குறைக்க மாட்டேன்னு சொல்றா" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியை வைத்து.

மலர் மறுபடி போனுக்கு வந்தாள். "ஒண்ணுமில்லீங்க அண்ணி. சரக்கு நாளைக்குப் போகோணும். போகாட்டி நாளான்னைக்குப் போகுது."